51–3: கார்சிகானா என்ற சிற்றூரின் பேஸ்பால் அணி

கேள்வி: அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சின்னச் சின்ன ஊர்களுக்குக்கூடச் சம்பளம் வாங்கி ஆடும் பேஸ்பால் அணிகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். அப்படி ஏதாவது ஒரு அணியின் ஆரம்பகால வரலாற்றைச் சொல்ல முடியுமா?

இருந்தன. ரயில் நிற்கும் ஊர் என்றால் கிட்டத்தட்ட ஒரு அணியும் இருந்தது என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் சொன்னால் பதில் முடியாது. எனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: டெக்சஸில் கார்சிகானா என்ற ஊரின் 1902ஆம் ஆண்டு அணி.

பேஸ்பால் பைத்தியங்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் உடனே "ஓ, அந்த 51–3 ஆட்டமா?" என்பார்கள். ஆமாம், எதிரணி 3 ரன் எடுக்க இவர்கள் 51 எடுத்த அதே ஆட்டம்தான். ஆனால் அந்த ஒரு ஆட்டத்தின் புகழ் அணியின் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்பது என் கட்சி. அந்த ஆட்டம் நடக்காமலே போயிருந்தாலும் இது பேசப்பட வேண்டிய அணிதான்.

முதலில் மைனர் லீக் பற்றி இரண்டு வரி. இன்றைக்கு மைனர் லீக் என்றால், உச்ச நிலையில் ஆடும் மேஜர் லீக் அணிகள் தங்கள் இளம் ஆட்டக்காரர்களை அனுப்பிப் பழக்கும் இடம். சம்பளம் மேலிருந்து வரும். 1902இல் அப்படி எதுவும் கிடையாது. ஊர் அணி என்பது ஊரில் இருக்கும் நாலு பணக்காரர்கள் சேர்ந்து போட்ட முதல். வாசலில் வசூலாகும் டிக்கெட் காசுதான் வருமானம். நன்றாக ஆடுகிற பையன் ஒருவனைப் பெரிய அணிக்கு விற்றால் அது ஓர் உபரி. இதில் ஒரு பயமும் இருந்தது. அப்போது மேஜர் லீக்குகளான நேஷனல் லீக்கும் புதிதாகக் கிளம்பிய அமெரிக்கன் லீக்கும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டிருந்த நேரம். யார் வேண்டுமானாலும் வந்து உங்கள் ஆட்டக்காரரைக் காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற நிலை. அதற்குப் பயந்துதான் 1901 செப்டம்பரில் சின்ன லீக்குகளின் தலைவர்கள் சிக்காகோவில் கூடி ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். ஊர்களின் மக்கள்தொகையைப் பார்த்து லீக்குகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள். அந்த ஏற்பாட்டின் முதல் சீசன் 1902. டெக்சஸ் லீக்குக்குக் கிடைத்தது கடைசித் தரமான டி.

டெக்சஸ் லீக் அதற்கு முன்பே, 1888இல் தொடங்கியதுதான். ஆனால் அடிக்கடி படுத்துவிடும். 1900, 1901 இரண்டு வருடமும் லீக்கே நடக்கவில்லை. 1902இல் மறுபடி தூசு தட்டி எழுப்பினார்கள். ஆறு அணிகள். டாலஸ் உண்டு, ஃபோர்ட் வொர்த் உண்டு. அவற்றோடு கார்சிகானா.

1900 மக்கள்தொகைக் கணக்குப்படி டாலஸில் 42,638 பேர். ஃபோர்ட் வொர்த்தில் 26,688. கார்சிகானாவில் 9,313. நம் கணக்கில் அது ஒரு பேரூராட்சி. அதுதான் அந்த வருடம் டாலஸையும் ஃபோர்ட் வொர்த்தையும் பந்தாடியது.

இந்த ஊருக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? என் ஊகம், எண்ணெயிலிருந்து. 1894இல் ஊருக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஆழ்குழாய்க் கிணறு தோண்ட ஆள் வைத்தார்கள். ஆயிரம் அடியைத் தாண்டியபோது தண்ணீருக்குப் பதில் எண்ணெய் வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்போமே, அது அப்படியே நடந்த இடம் கார்சிகானா. ஒப்பந்தம் தண்ணீருக்குத்தான், எண்ணெய்க்கு இல்லை என்று சொல்லி ஊர் நிர்வாகம் தோண்டியவர்களுக்குப் பாதிப் பணம்தான் கொடுத்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால் சில வருடங்களில் ஊரே எண்ணெய்க் கிணறாக மாறியது. டெக்சஸில் வியாபார அளவில் எண்ணெய் எடுத்த முதல் வயல் அதுதான். ஜோசஃப் கலினன் என்பவர் பென்சில்வேனியாவிலிருந்து வந்து அங்கே சுத்திகரிப்பு ஆலை கட்டினார். பிற்பாடு டெக்சகோ என்று உலகம் முழுக்கத் தெரிந்த நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

கவனிக்க வேண்டியது, 1902 வரும்போது ஊரின் எண்ணெய் மவுசு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. 1901 ஜனவரியில் தெற்கே போமான்ட் பக்கம் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீய்ச்சி அடித்ததும் எல்லாருடைய பார்வையும் அங்கே திரும்பிவிட்டது. கலினனும் அந்தப் பக்கம் போய்விட்டார். ஆக, கையில் கொஞ்சம் காசும் பெருமையும் மிச்சம் இருந்த ஒரு சின்ன இடைவெளியில்தான் இந்த அணி பிறந்தது. பெயரையும் எண்ணெயை ஒட்டியே வைத்துக்கொண்டார்கள்: ஆயில் சிட்டீஸ். ஆயிலர்ஸ் என்றும் சொல்வார்கள்.

அணியை நடத்தியவர் டோக் ராபர்ட்ஸ். டெக்சஸ் பேஸ்பாலில் இவர் பெயர் அடுத்த கால் நூற்றாண்டுக்கு வந்துகொண்டே இருக்கும். ஆட்டக்காரர் மேனேஜர் மைக் ஓ'கானர், முதல் பேஸில் நின்று ஆடிக்கொண்டே களத்தில் அணியை வழிநடத்தினார். அப்போது தனியாக மேனேஜருக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனசு வராது. ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில், நின்றவர் வால்டர் மாரிஸ். இவர் பின்னாளில் டெக்சஸ் லீக்கின் தலைவரானார். அணியில் ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. பந்து வீசாத நாளில் பிட்சர் அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் பின்பகுதியில், நிற்க வேண்டியிருக்கும்.

அந்தச் சீசனில் இவர்கள் தொடர்ச்சியாக 27 ஆட்டங்களில் ஜெயித்தார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். பேஸ்பாலில் மிக மோசமான அணிகூட மூன்றில் ஒரு ஆட்டத்தை எப்படியாவது ஜெயித்துவிடும். மிகச் சிறந்த அணியும் மூன்றில் ஒன்றைத் தோற்கும். அந்த ஆட்டத்தின் இயல்பே அப்படி. அதில் 27 ஆட்டம் யாரிடமும் தோற்காமல் போவது லேசான விஷயம் இல்லை. 1921இல் பால்டிமோர் அணி அதைச் சமன் செய்தது. 1987இல் சால்ட் லேக் டிராப்பர்ஸ் 29 ஜெயித்த பிறகுதான் மைனர் லீக் சாதனை கைமாறியது. அதாவது 85 வருடம் நின்றிருக்கிறது. அந்த வருடப் பட்டமும் கார்சிகானாவுக்குத்தான்.

சரி, அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் என்னை விடமாட்டீர்கள்.

1902 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. எதிரணி டெக்சார்கானா. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிற கூலிக்காரர்களுக்கு ஆட்டம் பார்க்க இருக்கும் ஒரே நாள் ஞாயிறு. ஆகவே அணிக்கும் நல்ல வசூல் நாள் அதுதான். ஆனால் கார்சிகானாவில் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பாலுக்குத் தடை. தேவாலயம் போகும் நாளில் காசு வாங்கிக்கொண்டு விளையாட்டா என்று அக்காலத்தில் பல ஊர்களில் சட்டமே இருந்தது. அதனால் ஆட்டத்தை வடக்கே சுமார் இருபது மைல் தள்ளி என்னிஸ் என்ற ஊருக்கு மாற்றினார்கள். ரயில் கம்பெனியே உருவாக்கிய ஊர் அது. ஒரே ரயில் பாதையில் இரண்டு ஊரும் இருந்ததால் போய்வருவது சுலபம்.

நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன். இங்கிருக்கும் தமிழர்கள் ஹூஸ்டன் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது ஐ-45இல் முதலில் என்னிஸ், அப்புறம் கார்சிகானா என்று இரண்டையும் கடந்துதான் போகிறோம். கார் கொஞ்சம் வேகமெடுத்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இருபது நிமிடம்கூட ஆகாது. பாதிப் பேருக்கு அவை பெட்ரோல் போட நிற்கும் ஊர்கள், அவ்வளவே.

என்னிஸ் மைதானத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. வலது பக்க வேலி மிக அருகில். சுமார் 210 அடி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடக் குறைவு என்று சொல்பவர்களும் உண்டு. இன்றைய மைதானங்களில் அந்த மூலைக்கு 320, 330 அடி சாதாரணம். வேலியைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். நம் ஊர் மொட்டைமாடி கிரிக்கெட்டில் சிக்ஸர் அடிப்பது போலத்தான். அதிலும் இடது கை ஆட்டக்காரருக்கு இயல்பாகவே பந்து வலது பக்கம்தான் போகும்.

கார்சிகானாவின் கேட்சர் (கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி) ஜே கிளார்க் இடது கை ஆட்டக்காரர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆம்ஹர்ஸ்ட்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 19.

ஒவ்வொரு இன்னிங்ஸிலும் கார்சிகானா எடுத்த ரன்களை வரிசையாகத் தருகிறேன்: 6, 2, 9, 2, 7, 5, 4, 8, 8. கூட்டினால் 51. ஒரு இன்னிங்ஸில்கூட சும்மா இருக்கவில்லை. கடைசி இரண்டு இன்னிங்ஸில்தான் எட்டு எட்டாக இன்னும் வேகம் எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஏற்கெனவே 35 ரன் இருக்கும்போது யாரும் இப்படி அடிப்பார்களா? அடித்தார்கள். மொத்தம் 53 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு பத்திரமாக பேஸை எட்டியது 53 முறை. கிளார்க், அலெக்சாண்டர், பெண்டில்டன் என்று மூன்று பேர் ஆளுக்கு எட்டு ஹிட். அதில் கிளார்க்கின் எட்டும் ஹோம் ரன். டெக்சார்கானா எடுத்தது மூன்று ரன்.

எட்டு ஹோம் ரன் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டும். அப்போது பந்து செத்த பந்து. ஒரே பந்தை அழுக்கேறி, நைந்துபோகும் வரை வைத்து ஆடுவார்கள், அடித்தால் பறக்காது. அதே 1902இல் நேஷனல் லீக்கில் முழுச் சீசனிலும் அதிக ஹோம் ரன் அடித்தவர் பிட்ஸ்பர்க்கின் டாமி லீச். எத்தனை தெரியுமா? ஆறு. அமெரிக்கன் லீக்கில் சாக்ஸ் சைபோல்டு 16 அடித்தார், அது பேப் ரூத் 1919இல் முறியடிக்கும் வரை அந்த லீக்கின் சாதனை. மேஜர் லீக்கில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடிப்பதே அபூர்வம்: 1896இல் டெலஹான்டி அடித்த பிறகு 1932இல் லூ கெரிக் வரும்வரை யாராலும் முடியவில்லை.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: டெக்சார்கானா ஏன் பிட்சரை மாற்றவில்லை? டெவிட் என்பவர்தான் முதல் பந்து முதல் கடைசிப் பந்து வரை வீசினார். அணியில் பங்கு வைத்திருந்த ஒருவரின் மகன் அவர், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை என்று ஒரு கதை. மகனைப் பிட்சராகப் போட்டே ஆகவேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்ததால் மேனேஜர் வெறுத்துப்போய், "சரி, அவனே வீசட்டும்" என்று விட்டுவிட்டார் என்று இன்னொரு வடிவம். உண்மைக் காரணம் இதைவிடச் சாதாரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆளே இல்லை. கையில் இருக்கும் இரண்டு மூன்று பிட்சர்களில் ஒருவர் நேற்று வீசியிருப்பார், ஒருவர் நாளை வீச வேண்டும். ஏற்கெனவே தோற்றுவிட்ட ஆட்டத்தில் இன்னொரு கையையும் ஏன் பாழாக்குவது? ஆனால் ஒன்று, நான் டெவிட்டாக இருந்திருந்தால் மூன்றாவது ஹோம் ரனுக்குப் பிறகு கிளார்க்குக்கு நான்கு பந்தையும் எட்டாத தூரத்தில் போட்டு, நடந்து போய்க்கோ சாமி என்று முதல் பேஸுக்கு அனுப்பியிருப்பேன்.

அன்று இரவு இந்த ஸ்கோரைத் தந்தியில் அனுப்பியபோது வாங்கிய பக்கத்தில் நம்பவில்லை. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்து, சில பத்திரிகைகளில் 51ஐ 5 ஆக்கியும் கிளார்க்கின் எட்டை மூன்றாக்கியும் போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அதனால் பிற்காலத்தில் எட்டு என்பது புருடா, மூன்றுதான் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். எட்டைத்தான் டெக்சஸ் லீக் தன் சாதனைப் பட்டியலில் வைத்திருக்கிறது. எனக்கும் எட்டுதான் சரி என்று படுகிறது. 53 ஹிட் வாங்கிய ஒரு நாளில், வேலி அவ்வளவு கிட்டே இருக்கும்போது, இடது கைக்காரர் ஒருவர் எட்டு முறை அந்தப் பக்கம் தூக்கி அடிப்பதில் நம்ப முடியாதது என்ன இருக்கிறது? சாதனையின் எடையைக் குறைத்துக்கொள்ளலாம். நடக்கவே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: நவீன மேஜர் லீக்கில் ஒரு அணி ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகபட்சம் 30 ரன். 2007 ஆகஸ்ட் 22 அன்று பால்டிமோருக்கு எதிராக எடுத்தது. எடுத்த அணியும் டெக்சஸ் அணிதான், ரேஞ்சர்ஸ். எதிரணிக்கு அன்றும் மூன்று ரன்தான்.

கிளார்க்கின் மீதிக் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். 1905இல் மேஜர் லீக்குக்குப் போனார். கிளீவ்லாந்தில் பல வருடம், அப்புறம் செயின்ட் லூயிஸ், பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் என்று ஒன்பது சீசன். முதல் உலகப்போரில் மரீன் படையில் இருந்தார். மேஜர் லீக்கில் மொத்தமாக அவர் அடித்த ஹோம் ரன்கள் ஆறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிஸில் அடித்ததைவிட இரண்டு குறைவு.

ஆனால் 1908 அக்டோபர் 2 அன்று கிளீவ்லாந்தின் ஆடி ஜாஸ், சிக்காகோவுக்கு எதிராக ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். லீக் பட்டத்துக்கான கடைசி நேரப் போட்டியில், 1–0 என்று ஜெயித்த ஆட்டம். பேஸ்பால் வரலாற்றில் மிக உயர்ந்த பிட்சிங் ஆட்டங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அன்று ஜாஸ் வீசிய ஒவ்வொரு பந்தையும் மண்டியிட்டு வாங்கிய கேட்சர் இதே கிளார்க்தான். 51–3, 1–0 இரண்டிலும் களத்தில் நின்ற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பழைய ஆவணங்களில் கிளார்க்குக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும். நிறம் கொஞ்சம் கறுப்பாக இருந்ததால் வைத்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லின் சுருக்கம், அதனால் இங்கே எழுதவில்லை. வெள்ளையரான அவரை அப்படிச் செல்லமாகக் கூப்பிட்டார்கள். அதே நேரத்தில் உண்மையான கறுப்பின ஆட்டக்காரர் எவருக்கும் அந்த லீக்கில் இடமே கிடையாது. தேசியச் சங்கமும் லீக்குகளும் எழுதி வைக்காமலே கடைப்பிடித்த தடை அது. டெக்சஸில் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று தனி அணிகள் வைத்து ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் ஸ்கோர்களைத் தந்தியில் அனுப்ப யாரும் மெனக்கெடவில்லை. அங்கே 51–3 நடந்திருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை.

இனி டெக்சார்கானா பற்றி ஒரு வார்த்தை. அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் அவர்கள் நிலைமையை யோசிக்க வேண்டும். அந்த அணி சீசன் தொடங்கும்போது ஷெர்மன், டெனிசன் என்ற இரட்டை ஊர்களின் அணியாக இருந்தது. அங்கே கூட்டம் வராததால் நடுவில் டெக்சார்கானாவுக்கு மாற்றினார்கள். அங்கும் ஓடவில்லை, ஜூலையில் கலைந்துவிட்டது. பாரிஸ் என்ற ஊரின் அணியும் இதே போலப் பாதியில் வேக்கோவுக்குப் போனது. இந்தக் கூத்தெல்லாம் ஒரே சீசனில். சம்பளம் வருமா, அடுத்த வாரம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாத ஆட்டக்காரர்கள் அவர்கள். கார்சிகானா பையன்களுக்கு அந்த வருடம் அந்தக் கவலை இல்லை. 27 வெற்றிக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன்.

அந்தக் கவலை கார்சிகானாவுக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. 1903இல் பட்டம் டாலஸுக்குப் போனது. 1904இல் மறுபடி கார்சிகானா ஜெயித்தது. 1905க்குப் பிறகு டெக்சஸ் லீக்கில் அந்த ஊர் இல்லை. தோற்றதால் போகவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை. ஒன்பதாயிரம் பேர் இருக்கும் ஊரில் எல்லாரும் வந்தாலும் ஒரு அளவுக்கு மேல் வசூல் ஏறாது, அதிலும் ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தவேண்டும் என்றால். டாலஸ், ஃபோர்ட் வொர்த், ஹூஸ்டன் மாதிரி நகரங்கள் வளர வளர, லீக்கும் பெரிய ஊர்களைத் தேடிப் போனது. பிற்பாடு சின்னச் சின்ன லீக்குகளில் கார்சிகானா அவ்வப்போது அணி வைத்து ஆடியது. ஆனால் டாலஸோடு ஒரே பட்டியலில் நிற்கும் காலம் முடிந்துவிட்டது.

டோக் ராபர்ட்ஸ் மட்டும் ஆட்டத்தை விடவில்லை. 1906இல் கிளீபர்ன் என்ற இன்னொரு ரயில் ஊரில் அணி நடத்தினார். அங்கே பக்கத்து ஹப்பர்டு ஊரிலிருந்து வந்த 18 வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்தார். அந்தப் பையன்தான் டிரிஸ் ஸ்பீக்கர், பின்னாளில் பேஸ்பாலின் மிகப் பெரிய சென்டர் ஃபீல்டர்களில் ஒருவர். ராபர்ட்ஸ் பின்பு டெக்சஸ் லீக்கின் தலைவராகி, 1920களில் பல வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1902இல் கடைசித் தரமான டியில் இருந்த அந்த லீக் அவர் காலத்தில் ஏ தரத்தில் நின்றது.

இன்றைக்குக் கார்சிகானா என்றால் டெக்சஸ்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஃப்ரூட் கேக். காலின் ஸ்ட்ரீட் பேக்கரி 1896இலிருந்து அங்கே இருக்கிறது, கிறிஸ்துமஸ் சமயத்தில் உலகம் முழுக்கத் தபாலில் அனுப்புகிறார்கள். 1902 ஆட்டக்காரர்கள் சாப்பிட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஹூஸ்டன் போகும் வழியில் நிறுத்தினால் வாங்கிப் பாருங்கள், பீக்கான் பருப்பை அள்ளிப் போட்டிருப்பார்கள். இனிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.